பழகிய கை



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் விமானத்தையும் ஹெலிகொப்டரையும் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களிற் சிலர் வியப்படையலாம். ஆனால், ஒருவர் தனியே ஏறிச் செல்லும் பறக்கும் ஊர்தி நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. ஆகாயப் பயணம் என்றதும் எல்லோரும் புட்பக விமானத்தையே சொல்வார்கள். அது பெருங்கூட்டம் ஏறிச் செல்லும் ஊர்தி. நான் சொல்ல வருவது திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை.

ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் அரசாட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, அரசி விசயையின் அழகில் மயங்கி இருந்துவிடுகிறான். ஆபத்து வரப்போகிறது என்று உணர்ந்ததும், கருவுற்றிருந்த விசயை தப்பிச் செல்வதற்காக ஒரு மயிற்பொறியைச் செய்விக்கிறான். அதற்குக் குதிரை தேவையில்லை, ஓடுபாதை தேவையில்லை. பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே எழும். இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். இருந்த இடத்திலிருந்து எழுந்து வேண்டிய இடத்தில் இறங்குகின்ற அந்த மயிலை இன்றைய பேச்சில் ஹெலிகொப்டர் என்று சொல்லலாம்.

இப்பகுதியைப் படிப்பிக்கும் நாம் வருணனையில் நின்றுவிடுவதுண்டு. அங்கே ஒரு பயிற்சியும் இருக்கிறது. ஆபத்து வந்த அன்றுதான் விசயை முதன்முதலாக மயிலில் ஏறினாள் என்றில்லை. முன்னரே அதனை இயக்கப் பழக்கப்படுகிறாள். இருந்தும், நகரை விட்டு எழுந்து செல்லும்போது கட்டியங்காரனின் வெற்றிமுரசு அவள் காதில் விழுகிறது. கணவன் மடிந்தான் என்பது புரிகிறது. அவள் உணர்விழந்து சாய்கிறாள். பழகிய பழக்கம் அந்த நேரத்தில் உதவவில்லை. ஆயினும் மயில் அவளை விழுத்தவில்லை. இறங்கிச் சுடுகாட்டிலே சேர்க்கிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். காவியத்து மயில் தன்னை ஓட்டியவளை மன்னித்தது. மனிதன் செய்த மயில் அப்படி மன்னிக்குமா என்பதே எனது இன்றைய பேச்சின் பொருள்.

இதனை நான் எண்ணிப் பார்க்கக் காரணமாயிருந்தவர் எனது பழைய மாணவர் ஒருவர். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்கிறார். பயணிகள் விமானத்தின் கப்டன். வயது ஐம்பதை நெருங்குகிறது. விடுமுறை நாட்களில் பறப்பதற்கென்று ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய விமானமொன்றும் வைத்திருக்கிறார். அதனை விற்றுவிட்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய சிறிய ஹெலிகொப்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா என்று யோசிப்பதாக எனக்கு எழுதினார். எனக்குப் பறக்கத் தெரியாது, வாசிக்கத்தான் தெரியும். ஆனாலும் பழைய வாத்தியாரிடம் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும் என்ற மரியாதை அவரிடம் இன்னும் இருக்கிறது.

"சேர், இருபத்தைந்து வருசமாய்ப் பறக்கிறன். ஆனால் பூமியைப் பார்க்கேல்லை" என்று எழுதியிருந்தார். உண்மைதான். பெரிய விமானம் 11 கிலோமீற்றர் உயரத்தில் போகிறது. கீழே முகில், முன்னே கருவிகள், பெரும்பாலான நேரம் தானியங்கி விமானத்தை ஓட்டுகிறது. சொந்தச் சிறு விமானமோ ஓடுபாதையை விட்டு ஓடுபாதைக்குத்தான் போகும். ஹெலிகொப்டர் என்றால் ஒரு மலைச்சரிவின் மேல் அசையாமல் நின்று பார்க்கலாம். அனுமதி பெற்று ஒரு நண்பரின் தோட்டத்தில் இறங்கலாம். இந்த ஆசையில் குற்றம் காண என்னால் முடியவில்லை.

இந்த ஆசை அவருக்கு மாத்திரம் உரியதுமன்று. பெல் 47 என்ற ஹெலிகொப்டருக்கு 1946 மார்ச் 8ஆம் திகதி அமெரிக்காவில் பொதுமக்கள் பாவனைக்கான முதலாவது சான்றிதழ் கிடைத்தது. கார் நிற்கும் கொட்டகையில் இனி ஹெலிகொப்டர் நிற்கும் என்று அந்நாளைய சஞ்சிகைகள் படம் போட்டுக் காட்டின. அப்படி நடக்கவில்லை. விலை, இரைச்சல், ஓட்டுவதிலுள்ள கடினம் ஆகிய மூன்றும் குறுக்கே நின்றன.

இந்த மூன்றில் விலையை வெல்ல முயன்றவர் பிராங்க் றொபின்சன். பல பெரிய கம்பனிகளில் பொறியியலாளராக வேலை செய்தவர். சாதாரண மனிதர் வாங்கக்கூடிய சிறிய ஹெலிகொப்டர் வேண்டும் என்ற அவரது எண்ணத்தை எந்தக் கம்பனியும் ஏற்கவில்லை. 1973இல் கலிபோர்னியாவிலுள்ள தமது வீட்டிலேயே சொந்தக் கம்பனியைத் தொடங்கினார். ஆர் 22 என்ற அவரது இரட்டை ஆசன ஹெலிகொப்டர் 1975இல் முதன்முதலாகப் பறந்தது; 1979இல் சான்றிதழ் பெற்றது. வெறும் எடை ஏறத்தாழ 400 கிலோகிராம்தான். தனியார் தமது பயணத்துக்கு வாங்குவார்கள் என்று அவர் எண்ணினார். விலை குறைவு என்பதனால் பறப்புப் பயிற்சிப் பாடசாலைகள் வாங்கின. கைதேர்ந்தவர்களுக்கென்று செய்த கருவி, பழகுநர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எனது மாணவர் வாங்க நினைப்பதும் இதே ஆர் 22ஐத்தான்.

பணக் கணக்கை அவரே போட்டு அனுப்பியிருந்தார். இந்த ஹெலிகொப்டரை 2,200 மணி நேரம் பறந்ததும், அல்லது 12 ஆண்டுகள் கழிந்ததும், எது முந்துகிறதோ அப்போது, முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 50 மணி நேரம் பறப்பவருக்கு 12 ஆண்டுகளில் 600 மணிதான் ஆகும். மிகுதி 1,600 மணிக்கான தேய்மானத்தைப் பறக்காமலே கொடுத்துத் தீர்க்க வேண்டும். "அது என் காசு, நான் பார்த்துக்கொள்ளுவன்" என்று எழுதியிருந்தார். சரி. பணம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரைச்சல் வேறு விடயம். அவரது தாயார் அவருடன் வசிக்கிறார். வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவர். 1980களிலும் 90களிலும் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு 'ஹெலி' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அடுப்பில் உள்ளதை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய தலைமுறை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நாடும் கண்டமும் மாறிவிட்டன. இருந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஹெலிகொப்டர் அந்த வீட்டுக்கு மேலால் போனால் அந்த அம்மா கையிலுள்ளதை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நிற்கிறார். இது ஆஸ்பத்திரி ஹெலி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொள்ளும் முன்னரே கால்கள் நடந்துவிடுகின்றன. "அந்தச் சத்தத்தை ஏன் மோனை வீட்டுக்குக் கொண்டு வரப்போறாய்?" என்று மாத்திரம் கேட்டாராம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கால்களின் பழக்கம் ஒரு காலத்தில் அவரைக் காப்பாற்றியது. அறிவு முடிவெடுக்கும்வரை காத்திருந்தவர்கள் தப்பவில்லை. உடல் முந்திக்கொண்டது, தப்பினார்கள். உயிர் காத்த பாடத்தை உடல் எளிதில் கைவிடுவதில்லை. தாயின் கால்களுக்குப் பொருந்தும் இந்த உண்மை மகனின் கைகளுக்கும் பொருந்தும். அதை எனக்குப் புரியவைத்தது ஓர் ஒற்றைத் தாள்.

அது றொபின்சன் கம்பனி 1993இல் வெளியிட்ட பாதுகாப்பு அறிவித்தல். மாணவர் அதனையும் கடிதத்துடன் அனுப்பியிருந்தார். விமானம் ஓட்டிப் பழகியவர்கள் ஹெலிகொப்டர் ஓட்டும்போது அவர்களுக்குள்ள ஆபத்து மிக அதிகம் என்பதே அதன் சாரம். எனக்கு அது வியப்பாக இருந்தது. எதுவும் தெரியாதவனுக்குத்தானே ஆபத்து அதிகம் இருக்க வேண்டும்? பல்லாயிரம் மணி நேரம் ஆகாயத்தில் கழித்தவனுக்கு ஏன்? வாசித்த பின்னர்தான் விளங்கியது. அலங்காரம் எதுவுமில்லாத அந்த ஒரு பக்கத்தை நான் இலக்கியம் வாசிப்பது போலவே திரும்பத் திரும்ப வாசித்தேன். மனித இயல்பைப் பற்றி அவ்வளவு நேராகப் பேசும் பக்கங்கள் அதிகமில்லை.

நேயர்களுக்கு விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். விமானத்தின் சிறகு அசையாதது. விமானம் முன்னோக்கி ஓடினால்தான் சிறகு காற்றைப் பிடிக்கும். மூக்கு உயர்ந்து வேகம் குறைந்துபோனால் சிறகு காற்றைத் தாங்கும் வலுவை இழக்கும். அதற்கு முன்னர் எச்சரிக்கை ஹோர்ன் ஒலிக்கும். ஒலித்ததும் விமானி என்ன செய்கிறார்? பிடியை முன்னுக்குத் தள்ளி மூக்கைத் தாழ்த்துகிறார். எஞ்சினின் வலுவைக் கூட்டுகிறார். வேகம் திரும்புகிறது, உயிர் தப்புகிறது. பயிற்சியின் முதல் நாட்களிலிருந்து இதையே கைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். யோசித்துச் செய்யாமல் தானாகச் செய்யும்வரை சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஹெலிகொப்டரில் சிறகு தலைக்கு மேலே சுழலும் தகடுகள்தான். வலது கையில் ஒரு பிடி. அது போகும் திசையைத் தீர்மானிக்கும். இடது கையருகே, காரின் கைப்பிரேக் போன்ற ஒரு நெம்புகோல்; அதை உயர்த்தினால் தகடுகளின் சாய்வு கூடி ஊர்தி எழும், தாழ்த்தினால் இறங்கும். கால்களில் இரண்டு மிதிகள். அவை வாற்சுழலியைக் கட்டுப்படுத்தும். இங்கேயும் ஒரு ஹோர்ன் உண்டு. தகடுகள் சுழலும் வேகம் குறைந்தால் அது ஒலிக்கும். ஒலித்ததும் நெம்புகோலைத் தாழ்த்தி எஞ்சினை முடுக்க வேண்டும். விமானத்தில் பழகிய கை என்ன செய்யும்? பிடியை முன்னுக்குத் தள்ளும். வலுவைக் கூட்டுவதாக எண்ணி நெம்புகோலையும் உயர்த்தும். தகடுகள் மேலும் தளர்ந்து காற்றைத் தாங்கும் வலுவை இழந்துவிடும். அதற்கு ஒரு விநாடிகூட வேண்டியதில்லை. அதன்பின் ஊர்தி கல்லைப் போல விழும்.

இன்னோர் இடமும் உண்டு. எதிரே ஒரு பறவை வருகிறது. சட்டென்று கீழே போக வேண்டும். விமானி பிடியை முன்னுக்குத் தள்ளுவார். விமானத்தில் அது சரி. ஆர் 22இல் இரண்டு தகடுகளும் நடுவே தாங்கப்பட்டு, சிறுவர் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகை போல அசைகின்றன. பிடியைப் பலமாக முன்னுக்குத் தள்ளினால் ஒரு கணம் ஊர்தி எடையற்றுப் போகிறது. அப்போது வாற்சுழலியின் உந்துதல் ஊர்தியின் உடலை வலப்புறம் சரிக்கிறது. வலப்புறம் சரிந்தால் இடப்புறம் திருப்புவதுதானே யாருக்கும் வரும் உணர்வு? இங்கே அதுவே கொல்லும். தகடுகள் இடப்புறம் சாயும், உடல் கூடச் சாயாது. தகடுகளின் நடுப்பகுதி அச்சுத்தண்டில் மோதும். தண்டு முறியலாம், தகடு உடலை வெட்டலாம். முதலில் பிடியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்து எடையை மீட்டு, அதன் பின்னரே சரிவைத் திருத்த வேண்டும்.

சாதாரண வேளையில், யோசிக்க நேரமிருக்கும்போது, பழைய விமானி ஹெலிகொப்டரையும் அழகாகவே ஓட்டுவார் என்கிறது அந்த அறிவித்தல். எதிர்பாராத கணத்தில்தான் கை தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறது. தவறு செய்துவிட்டேன் என்று உணர்ந்து, யோசித்து, திருத்துவதற்கு அங்கே நேரமில்லை. ஆகவே ஹெலிகொப்டருக்கான பழக்கம் விமானத்துக்கான பழக்கத்தைவிட வலியதாக வளர வேண்டும் என்று அது முடிக்கிறது.

1995இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் இதனைச் சட்டமாகவே ஆக்கியது. றொபின்சன் ஹெலிகொப்டர்களுக்கென்று தனிப் பயிற்சி விதிக்கப்பட்டது. ஹெலிகொப்டரில் 200 மணி நேர அனுபவமும், அதில் 50 மணியாவது ஆர் 22இலும் இல்லாதவர், ஆர் 22இல் ஆசிரியருடன் குறைந்தது 10 மணி நேரமாவது பறந்து பயில வேண்டும். அந்த 200 மணிக் கணக்கில் விமானத்தில் பறந்த நேரம் சேராது. எனது மாணவரின் பல்லாயிரம் மணிகள் அங்கே செல்லாக் காசு.

இந்த இடத்தில் இன்னொரு விமானியின் கதையைச் சொல்ல வேண்டும். றொபின்சனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பத்திரிகையில் ஒரு படத்தைக் கண்டு அதில் ஈர்க்கப்பட்டார். அது இகோர் சிகோர்ஸ்கி தமது ஹெலிகொப்டரில் அந்தரத்தில் நிற்கும் படம். 1889இல் கியேவ் நகரில் பிறந்த சிகோர்ஸ்கி, இளைஞராக இருந்தபோது 1909இலும் 1910இலும் இரண்டு ஹெலிகொப்டர்களைச் செய்தார். இரண்டும் மனிதனைச் சுமந்து எழவில்லை. தோல்வியை ஏற்று விமானத்துக்குத் திரும்பினார். 1913இல் நான்கு எஞ்சின்கள் கொண்ட உலகின் முதல் விமானத்தைக் கட்டிப் பறந்தார். ரஷ்யப் புரட்சியின் பின் 1919இல் அகதியாக அமெரிக்கா சேர்ந்தார். 1923இல் ஒரு கோழிப்பண்ணையில் கம்பனி தொடங்கியபோது இசைமேதை ரக்மானினோவ் 5,000 டொலர் கொடுத்து உதவினார். பின்னர் சமுத்திரம் தாண்டும் பெரிய பறக்கும் படகுகளைச் செய்து புகழ் பெற்றார்.

அத்தகையவர் 1939 செப்டெம்பர் 14ஆம் திகதி, தமது ஐம்பதாவது வயதில், தாம் வடிவமைத்த விஎஸ்-300 ஹெலிகொப்டரில் ஏறினார். சொல்லிக் கொடுக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஊர்தியைக் கயிற்றால் நிலத்தோடு பிணைத்திருந்தார்கள். நிலத்திலிருந்து சில அங்குலம், சில விநாடிகள், அவ்வளவுதான். கயிறில்லாமல் பறக்க அடுத்த ஆண்டு மே மாதம் வரை சென்றது. தொடக்கத்தில் அது பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பறந்ததே தவிர முன்னோக்கிச் செல்லச் சிரமப்பட்டது. சமுத்திரங்களைத் தாண்டும் விமானங்களைச் செய்த மனிதர், கட்டிய கன்றுக்குட்டி போலச் சில அங்குல உயரத்தில் தடுமாறச் சம்மதித்தார். 1941 மே மாதத்தில் அதே ஊர்தியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்தரத்தில் நின்று உலக சாதனை படைத்தார். அந்தச் சாதனையைவிட, முதல் நாள் கட்டியிருந்த கயிறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எழுத்துலகிலும் இது நாம் காணாததன்று. 1970களில் இங்கே புதுக்கவிதை வேகம் பெற்றபோது, மரபில் ஊறிய நல்ல கவிஞர் சிலர் அதற்கு வந்தார்கள். அமைதியான வரிகளில் சமாளித்துவிடுவார்கள். உணர்ச்சி உச்சம் பெறும் இடத்தில், யாரும் அழையாமலே எதுகை வந்து நிற்கும். கை தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மகாகவி என்று அறியப்பட்ட து. உருத்திரமூர்த்தியோ வேறு வழியை எடுத்தார். யாப்பை விடாமலே அதனைப் பேச்சோசைக்குப் பழக்கினார். எவ்வாறாயினும் கவிதையில் கை தவறினால் ஒரு கவிதைதான் கெடும். இரவு கிழித்துப் போட்டுவிட்டுக் காலையில் வேறொன்று எழுதலாம். என் மாணவருக்கு அந்த வசதி இல்லை.

அவருக்கு உள்ள சிக்கலும் மற்றவர்களுடையதை விடப் பெரிது. சிகோர்ஸ்கி போல அவர் ஒரு துறையிலேயே முழு நேரமும் நிற்கப் போவதில்லை. சொந்தச் சிறு விமானத்தை விற்றாலும் தொழிலில் விமானந்தான். மாதத்தில் எழுபது, எண்பது மணி நேரம் அவரது கைகள் விமானத்துக்குரிய பாடத்தையே மீண்டும் மீண்டும் படிக்கும். வார இறுதியில் ஓரிரு மணி நேரம் படிக்கும் புதிய பாடம், சோறு போடும் பழைய பாடத்தை வெல்ல வேண்டும். 'ஆர்வம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, பணம் இருக்கிறது' என்று அவர் எழுதியிருந்தார். அந்த மூன்றில் அனுபவத்தைத்தான் அவர் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே நான் இவ்வாறு பதில் எழுதினேன்: "தம்பி, ஹெலிகொப்டர் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் வாங்க வேண்டாம், படியும். அங்கே கப்டனாகப் போகாமல், முதல் நாள் என் வகுப்புக்கு வந்தது போலப் போம். எத்தனை மணி என்று கணக்குப் பார்க்க வேண்டாம். திடீரென்று எதுவும் நடந்தால் எந்தக் கை முதலில் அசைகிறது என்று மாத்திரம் பாரும். அம்மாவின் கால்களைப் பார்த்தால் உமது கைகளை விளங்கிக்கொள்ளலாம்."

அவர் வகுப்புக்குப் போகிறார். விமானத்தில் கப்டனின் ஆசனம் இடப்பக்கம். ஆர் 22இல் ஓட்டுபவருக்கு வலப்பக்கம். முதல் நாள் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறக்கப் போனாராம். பதினான்காவது மணியில், சொல்லாமல் கொள்ளாமல் ஆசிரியர் எஞ்சின் வலுவைக் குறைத்தார். "யோசிக்க முன்னம் இடது கை தானாய்க் கீழே போச்சுது சேர்" என்று மகிழ்ச்சியோடு எழுதினார். அடுத்த கடிதத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. பத்து நாட்கள் தொடர்ந்து பெரிய விமானம் ஓட்டிவிட்டு வந்து ஏறியபோது, அதே இடத்தில் கை ஒரு கணம் தயங்கியதாம். அந்த ஒரு கணத்துக்காகவே வாங்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். வகுப்பை விடவில்லை.

அந்த இரண்டாவது கடிதத்தை வாசித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தன் கையின் தயக்கத்தைத் தானே கண்டு, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். நன்றாகத் தெரிந்தவர்கள் மீண்டும் பழகுநர்களாக உட்காருவது எந்தத் துறையிலும் எளிதன்று. வயது ஏற ஏறப் புகழும் சேர்வதால் அது மேலும் கடினமாகிறது. நம்மிற் பலருக்கு ஹெலிகொப்டர் வாங்கும் எண்ணம் வரப்போவதில்லை. ஆனால் நாடு மாறுகிறோம், தொழில் மாறுகிறோம், பிள்ளைகளின் வீட்டில் போய் இருக்கிறோம். அங்கெல்லாம் நம்மைக் காப்பாற்றிய பழைய பழக்கங்களும் கூடவே வருகின்றன. அவற்றைப் பழிக்க வேண்டியதில்லை. அவை நமக்குச் செய்த உதவி பெரிது. புதிய இடத்தில் அவற்றை முந்தவிடாமல் சிறிது காலம் கயிறு கட்டிப் பழகுவது நல்லது.